அதிகாரசபையின் முடிவே இறுதி முடிவா?

தமது பிள்ளைக்கு வகுப்பறையில் விசேட உதவி வேண்டும் என்று கேட்ட பெற்றோருக்கு, உதவி தேவையில்லை என்று உள்ளூர் அதிகாரசபை பதில் எழுதிவிடுகிறது. அடுத்து அவர்கள் யாரிடம் போவது? பதில் எழுதியவரிடமே திரும்பிப் போவதா? அவரது முடிவை மாற்றும் அதிகாரம் படைத்த வேறொருவர் இருக்கிறாரா? இங்கிலாந்தில் இக்கேள்விக்கு உரிய விடை கிடைப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. எம்மவர் பலர் அந்நாட்டில் குடியேறிப் பிள்ளைகளை வளர்த்துவரும் இக்காலத்தில் அந்த வரலாற்றை அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் பொதுக் கல்விக்கு வித்திட்டது. பார்வையற்ற பிள்ளைகளையும் செவிப்புலனற்ற பிள்ளைகளையும் கருத்திற்கொண்ட தனிச் சட்டம் 1893 இல் வந்தது. 1944 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கல்விச் சட்டம் சகலருக்கும் இடைநிலைக் கல்வியை உறுதிசெய்ததாகப் போற்றப்படுகிறது. ஆனால் அந்தச் ‘சகலருக்கும்’ என்ற சொல்லுக்கு வெளியே ஒரு பகுதியினர் நிறுத்தப்பட்டிருந்தனர். பாடசாலைக் கல்வியைப் பெறும் ஆற்றல் அற்றவை எனத் தீர்மானிக்கப்பட்ட பிள்ளைகள் கல்வித்துறையிலிருந்து நீக்கப்பட்டுச் சுகாதாரத்துறையின் பொறுப்பில் விடப்பட்டனர். அத்தகைய முடிவுக்கு எதிராக அமைச்சரிடம் முறையிடுவதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. எனினும் மருத்துவ அதிகாரி ஒப்பமிட்ட சான்றிதழின் முன்னால் ஒரு சாதாரண தாயின் சொல் எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தத் தாய்மாருள் ஒருவர் ஜூடி ஃபிரைட். தமது மகளுக்குக் கல்வி மறுக்கப்பட்ட நிலையில், 1946 இல் ‘நர்சரி வேர்ள்ட்’ என்ற சஞ்சிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தம்மைப் போன்ற பெற்றோரை ஒன்றுசேருமாறு அதில் அழைப்பு விடுத்தார். அக்கடிதத்திலிருந்து பிறந்த சங்கமே பின்னாளில் ‘மென்காப்’ என்னும் பெரும் அமைப்பாக வளர்ந்தது. எந்தப் பிள்ளையும் கல்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1970 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் சகல பிள்ளைகளும் கல்வித்துறையின் பொறுப்புக்குள் கொண்டுவரப்பட்டனர்.

1973 இல் கல்வி அமைச்சராகவிருந்த மார்கிரட் தட்சர், மெய்யியலாளர் மேரி வோர்னொக்கின் தலைமையில் ஓர் ஆய்வுக்குழுவை நியமித்தார். 1978 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பிள்ளைகளைக் குறைபாட்டின் பெயரால் வகைப்படுத்தும் பழைய முறையைக் கைவிடுமாறு கூறியது. ‘விசேட கல்வித் தேவைகள்’ என்ற சொற்றொடர் பரவலான வழக்கிற்கு வந்தது இதன் பின்னரே. ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பாடசாலைக் காலத்தில் ஏதோவொரு கட்டத்தில் விசேட உதவி தேவைப்படலாம் என்பது குழுவின் கணிப்பாகும்.

இவ்வறிக்கையின் அடிப்படையில் உருவான 1981 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 1983 இல் அமுலுக்கு வந்தது. பிள்ளையின் தேவைகளை மதிப்பிட்டு, அவற்றுக்கு வழங்கப்படும் உதவிகளை ‘ஸ்டேட்மன்ட்’ என்னும் பத்திரத்தில் அதிகாரசபை எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதியதை வழங்க வேண்டிய கடப்பாடும் அதற்கு உண்டு. ஆனால் இச்சட்டத்துக்கென மேலதிக நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. தேவையை மதிப்பிடுவதும் அதற்கான பணத்தைக் கொடுப்பதும் ஒரே அதிகாரசபை என்ற முரண்பாடு அன்றே தோன்றிவிட்டது. தேவையைக் கூடுதலாக எழுதினால் செலவும் கூடும். ஆகையால் எழுதும் பேனை தயங்குவது இயல்பே.

பத்திரத்தின் உள்ளடக்கத்தை ஏற்காத பெற்றோர் உள்ளூர் மேன்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம் என 1981 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால் அக்குழுவுக்கு அதிகாரசபையின் முடிவை மாற்றும் அதிகாரம் இருக்கவில்லை. தனது அவதானிப்புகளைச் சேர்த்து, மீளப் பரிசீலியுங்கள் என்று அதே அதிகாரசபையிடம் திருப்பியனுப்ப மட்டுமே அதனால் முடிந்தது. அதன் பின்னரும் உடன்பாடில்லையெனில் அமைச்சருக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். இக்காலத்தில் பெற்றோருக்கு இலவச ஆலோசனை வழங்குவதற்காக 1983 இல் தோன்றிய ‘இப்சியா’ என்ற தொண்டர் அமைப்பின் பணி குறிப்பிடத்தக்கது.

நீதிமன்றங்களின் போக்கும் தொடக்கத்தில் பெற்றோருக்குப் பெரிதும் சாதகமாக அமையவில்லை. மிகச் சிறந்த கல்வியை வழங்கும் கடமை அதிகாரசபைக்கு இல்லை, தேவைக்குப் போதுமானதை வழங்கினாற் போதும் என்ற நிலைப்பாடு 1980 களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. எனினும் 1989 இல் லங்காஷயர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு புதிய வாசலைத் திறந்தது. பேசச் சிரமப்படும் பிள்ளைக்கு வழங்கப்படும் பேச்சுச் சிகிச்சையைக் கல்வி ஏற்பாடாகவும் கருதலாம் என்று அது தீர்ப்பளித்தது. ‘அது வைத்தியசாலையின் வேலை’ என்று கைகழுவும் வழி அதனால் ஒடுங்கியது.

தாமதங்களும் குழப்பங்களும் பெருகிய நிலையில், 1993 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விசேட கல்வித் தேவைகளுக்கான சுயாதீன தீர்ப்பாயத்தை உருவாக்கியது. 1994 செப்ரெம்பரில் அது செயற்படத் தொடங்கியது. சட்டத்தரணியொருவர் தலைமை தாங்க, துறை அனுபவமுள்ள இருவர் உடன் அமர்ந்தனர். முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை. சட்டத்தரணி இல்லாமலே பெற்றோர் தாமாக வாதாடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அதிகாரசபையின் முடிவை மாற்றி எழுதுமாறு கட்டளையிடும் அதிகாரம் இத்தீர்ப்பாயத்துக்கு வழங்கப்பட்டது. முன்னைய குழுக்களிடம் இல்லாதிருந்தது இதுவே.

1998 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. சோமர்செட் வழக்கில், உதவியை மேலோட்டமாக எழுதுதல் ஆகாது என்றும், சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றும் மேல் நீதிமன்றம் வலியுறுத்தியது. ‘தேவைக்கேற்ப உதவி’ என்று எழுதப்பட்ட வாசகத்தைக் கொண்டு எந்தப் பெற்றோரும் எதையும் கேட்டுப் பெற முடியாது. ‘வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம், இன்ன தகைமையுடையவரால்’ என்று எழுதப்பட்டால் மட்டுமே அது உரிமையாகும். அதே ஆண்டில், நோயுற்று வீட்டிலிருந்த சிறுமியொருத்தியின் கற்பித்தல் நேரத்தை வாரத்துக்கு 5 மணித்தியாலத்திலிருந்து 3 ஆகக் குறைத்த கிழக்கு சசெக்ஸ் அதிகாரசபையின் வழக்கு, அக்காலத்தில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவிருந்த பிரபுக்கள் சபைக்குச் சென்றது. எது பொருத்தமான கல்வி என்பதைத் தீர்மானிக்கும்போது பணப்பற்றாக்குறையைக் காரணமாகக் கொள்ளலாகாது என்று பிரபுக்கள் தீர்ப்பளித்தனர்.

2001 ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளில் காட்டப்படும் பாரபட்சம் பற்றிய முறைப்பாடுகளையும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2008 இல் அது நாட்டின் பொதுத் தீர்ப்பாய அமைப்பினுள் இணைக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தினால் பழைய பத்திரத்தின் இடத்தைக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் பிடித்தது. அத்திட்டத்தின் பாதுகாப்பு 25 வயது வரை நீட்டிக்கப்பட்டது. கட்டாயக் கல்வி வயதைத் தாண்டிய இளைஞர் தாமே மேன்முறையீடு செய்யும் உரிமையையும் பெற்றனர்.

இவ்வளவு நடந்தும் நிலைமை சீராகிவிட்டதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். வோர்னொக் அம்மையாரே 2005 இல் வெளியிட்ட சிறுநூலொன்றில் தமது அறிக்கையிலிருந்து பிறந்த முறைமையை மீளாய்வு செய்ய வேண்டும் என்று எழுதினார். 2019 இல் பாராளுமன்றக் கல்விக் குழு, சட்டத்தின் நோக்கம் சரியானது, அதனைச் செயற்படுத்திய விதமே தவறானது என்று கண்டது. 2023-24 கல்வியாண்டில் பதிவான மேன்முறையீடுகள் 21,000 அளவைத் தொட்டன. தீர்ப்புவரை சென்றவற்றில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முழுமையாகவோ பகுதியளவிலோ, முறையிட்டவருக்குச் சாதகமாகவே முடிந்தன.

இந்த இலக்கத்தைக் கண்டு மகிழ்ச்சியடைவதா, கவலையடைவதா? மேன்முறையீடு பயன் தருகிறது என்பது உண்மையே. ஆனால் முறையிட்டவர்களுள் பெரும்பாலானோர் வெல்கிறார்கள் என்றால், முறையிடாதவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டிய உதவி மறுக்கப்பட்டிருக்கக்கூடும் அல்லவா? முறையிடுவதற்கு மொழியறிவு வேண்டும். நிபுணர் அறிக்கைக்குப் பணம் வேண்டும். மாதக்கணக்கில் பொறுத்திருக்கும் திராணி வேண்டும். வழக்கு காத்திருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை எட்டு வயதாகாமல் காத்திருக்க முடியாது.

எமது சமூகத்தில் இதற்கு மேலும் இரண்டு தடைகள் உண்டு. பிள்ளையின் குறையை வெளியிற் சொன்னால் குடும்பத்துக்கு அவமானம் என்ற எண்ணம் ஒன்று. அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை எதிர்த்துப் பேசலாகாது என்ற பழக்கம் மற்றொன்று. தீர்ப்பாயம் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்து தரும் என்பதும், முடிவுக் கடிதம் கிடைத்தபின் பொதுவாக இரண்டு மாத அவகாசமே உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அதிகாரசபையில் பணிபுரிபவர்கள் எல்லோரும் ஈவிரக்கமற்றவர்கள் அல்லர். பணப்பையையும் தராசையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டதே பிரச்சினையின் மூலம். தராசைச் சரிபார்க்க வெளியே இன்னொருவர் வேண்டும் என்பதை இங்கிலாந்துப் பெற்றோர் அரை நூற்றாண்டு காலம் போராடி நிலைநாட்டினர். அந்த உரிமை கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. லண்டனில் உறவினர் இருப்பவர்கள் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அந்த இரண்டு மாத அவகாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.