‘விலங்குப் பண்ணை’யில் இடைச்செருகல்

ஜார்ஜ் ஆர்வெல் இயற்றிய ‘விலங்குப் பண்ணை’ புரட்சியை எள்ளி நகையாடும் நூல் என்பது பலர் கொண்ட கருத்து. 1917-ஆம் ஆண்டின் உருசியப் புரட்சியையும் அதன்பின் எழுந்த ஸ்டாலின் ஆட்சியையும் அஃது உருவகமாகக் காட்டுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், புரட்சியே வீண் என்று அந்நூல் கூறுகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரியில் எழுதி முடிக்கப்பெற்ற இச்சிறு நூலை வெளியிடப் பதிப்பாளர் பலர் மறுத்தனர். போரில் உருசியா பிரிட்டனுக்குத் துணைநின்ற காலம் அது. ஜோனதன் கேப் என்னும் பதிப்பாளர் முதலில் இசைந்து, அரசின் செய்தி அமைச்சக அலுவலர் ஒருவர் கூறிய அறிவுரைக்குப்பின் பின்வாங்கினார். இறுதியில், 1945 ஆகஸ்டு 17-ஆம் நாள் செக்கர் அண்டு வார்பர்க் நிறுவனம் அதனை வெளியிட்டது.

பண்ணைக்காரனைத் துரத்திய விலங்குகள் ஏழு கட்டளைகளைக் களஞ்சியச் சுவரில் எழுதி வைக்கின்றன. சின்னாட்களில் பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே ஒதுக்கப்படுகின்றன. ஏனையவை அதற்கு இணங்கிவிடுகின்றன. கதையின் திருப்பம் இவ்விடமே என்று ஆர்வெல் 1946-இல் எழுதிய மடலொன்றில் குறித்துள்ளார். ஆகவே, கேட்டின் தோற்றுவாய் எழுச்சியன்று. எழுச்சிக்குப்பின் நிகழ்ந்த முதற் பங்கீடும் அதற்கு இணங்கியமையுமே என்க.

அக்கேடு வளரும் முறை, சுவடி ஆய்வார்க்கு நன்கு பழகியதொன்று. கட்டளைகள் உடனே அழிக்கப்படவில்லை. அவற்றுள் சொற்கள் செருகப்படுகின்றன. கட்டிலில் துயிலுதலை விலக்கிய கட்டளை, விரிப்பிட்ட கட்டிலை மட்டும் விலக்குவதாகின்றது. கொலையை விலக்கியது காரணமற்ற கொலையை மட்டும், குடியை விலக்கியது அளவு மீறிய குடியை மட்டும் விலக்குகின்றன. ஆங்கில மூலத்தில் ஒவ்வோரிடத்தும் சேர்ந்தவை இரண்டே சொற்கள். தம் நினைவுதான் பிழைத்தது போலும் என்று விலங்குகள் அமைகின்றன. ஒப்புநோக்க வேறொரு படி இருந்திருப்பின் கள்ளம் வெளிப்பட்டிருக்கும், சுவரோ ஒன்றுதான். எழுத்தைக் கூட்டிப் படிக்க அறியாத குளோவர் என்னும் குதிரை, ஐயுற்றபோதெல்லாம் வெள்ளாட்டை அழைத்துப் படிக்கச் செய்தே தெளிகின்றது. திருத்தப்பட்ட பாடத்தைத்தான் அவ்வாடும் படிக்கின்றது!

ஒருநாள் நள்ளிரவில் ஏணி முறிந்து கிடக்க, கவிழ்ந்த வண்ணக் கலத்தினருகே ஸ்குவீலர் என்னும் பன்றி வீழ்ந்து கிடக்கின்றது. பெஞ்சமின் என்னும் கழுதை தவிர வேறெதுவும் அதன் பொருளை உணரவில்லை. உணர்ந்த கழுதையும் உரைக்கவில்லை. நூலுள் மிகக் கசப்பான இடம் இதுவே என்பது என் கருத்து.

ஆசிரியர் தாமும் தம் நூலில் ஒரு சொல்லை மாற்றினார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. காற்றாலை வெடித்தபோது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் வீழ்ந்தன என்றே முதலில் எழுதியிருந்தார். நெப்போலியன் என்பது ஸ்டாலினைக் குறிக்கும் பன்றி. நூல் வெளிவருமுன், 1945 மார்ச்சில் பாரிசிலிருந்து பதிப்பகத்தார்க்கு மடல் விடுத்து, ‘உட்பட’ என்பதை ‘நீங்கலாக’ எனத் திருத்துமாறு வேண்டினார். 1941-இல் செருமானியப் படை நெருங்கி வந்தபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு அகலவில்லை. அதனை மறைத்தல் முறையன்று என அவர் கருதினார். இன்று நாம் படிக்கும் பதிப்புகளில் அத்திருத்தமே காணப்படுகின்றது.