இரு மன்னர் கதைகள்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போப்பாக விளங்கிய எலூத்தேரியுசுக்குப் பிரித்தானிய மன்னன் லூசியஸ் மடல் விடுத்து, தன்னைக் கிறித்தவனாக்குமாறு வேண்டினான் என்பது பழங்கதை. போப்புகளின் வரலாறு கூறும் ஆறாம் நூற்றாண்டு நூலில் இஃது ஒரு வரிச் செய்தியே. 731இல் பீட் அடிகள் அதனை ஏற்றெழுதினார். பின்வந்தோர் கோயில்களையும் ஆயர்களையும் சேர்த்து வளர்த்தனர். மன்னனே தன் நாட்டில் இறைவனின் பிரதிநிதி எனப் போப் எழுதியதாக ஒரு மறுமொழி மடலும் புனையப்பெற்றது. 1530களில் எட்டாம் ஹென்றி போப்பின் ஆணையை உதறியபோது அவன் அவைப் புலவர்க்கு அம்மடலே படைக்கலமாயிற்று. எதிரணியினரோ, பிரித்தானியாவுக்குச் சமயம் தந்தது உரோமையே என்பதற்கு அதே கதையைக் காட்டினர். வாழ்ந்தானா என்றே தெரியாத மன்னன் இருசாரார்க்கும் சாட்சியானான்!

1904இல் செருமானிய அறிஞர் ஹார்நாக் வேறொரு விளக்கம் தந்தார். 'பிரித்தானியா' எனப் படிக்கப்பட்டது, எடெஸ்ஸா நகரக் கோட்டையான 'பிர்தா'வின் திரிபு. லூசியஸ் என்பதும் அந்நகர வேந்தன் அப்கார் பூண்ட உரோமைப் பெயர்களுள் ஒன்று என்றார். இதனை மறுப்போரும் உளர். எனினும் பிரித்தானிய லூசியசின் பெயரில் காசோ கல்வெட்டோ கிடைத்திலது.

இன்று துருக்கியில் உர்பா எனப்படும் அந்த எடெஸ்ஸா, மயிலாப்பூர்க் கதைக்கும் தொடர்புடையது. தோமையார் இந்தியா வந்த வரலாறு கூறும் 'தோமையார் பணிகள்' மூன்றாம் நூற்றாண்டில் அங்கேயே சிரியாக் மொழியில் எழுந்தது என்பர். கொண்டபாரஸ் என்னும் இந்திய மன்னன் அரண்மனை கட்டப் பொருள் தர, தோமையார் அதனை ஏழைகளுக்கு வழங்கி விண்ணுலகில் மாளிகை எழுப்பினாராம். இம்மன்னனும் கற்பனையே எனக் கருதப்பட்டிருந்த நிலையில், 1830களில் அவன் காசுகள் வெளிப்பட்டன. தக்த்-இ-பாகிக் கல்வெட்டு அவனது 26ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது.

காசு மெய்ப்பித்தது மன்னனை மட்டுமே, மாளிகையை அன்று. மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் கிடைத்தமையால், களவியல் உரை கூறும் முச்சங்கத்தின் 9990 ஆண்டுகளும் உறுதியாகிவிடுமா? தமிழாய்வாளர் பலர் சறுக்குமிடம் இதுவே.

'தோமையார் பணிகள்' மயிலாப்பூரைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறை மாபார்க் கரையின் சிற்றூர் ஒன்றில் உள்ளதென்றார். 1547இல் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை பகலவி எழுத்துகளைத் தாங்கியது. தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட அவ்வரிகளில் அவர் பெயரில்லை; பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இக்கரையில் வழிபட்டமையையே அவை உணர்த்துகின்றன.