பெயர் வெட்டிய மரக் கீசெயின்

ஒருவரின் பெயரை மரத்துண்டில் அறுத்தெடுத்து வளையம் மாட்டிய நினைவுப்பொருள். கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் நிற்கும் யூதத் தெருவின் சுற்றுலாக் கடைகளுக்கு ஏற்ற சரக்கு இது. தேக்கின் கழிவுத் துண்டே போதும்.

இதை அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் மெல்லிய பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். பலகையைத் திருப்புவது கை. ‘வ’ போன்ற எழுத்தின் உட்குழிக்கு முதலில் துளையிட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் நுழைத்து மாட்ட வேண்டும். தமிழில் பெரிய தொல்லை புள்ளிதான். எழுத்தோடு ஒட்டி வரையாவிட்டால் அறுத்ததும் தனியே உதிர்ந்துவிடும். மலையாள எழுத்தின் மேல் வரும் சந்திரக்கலைக் குறிக்கும் அதே கதி. துணைக்காலும் தனித்தே நிற்பதால் அடியில் ஒரு பட்டை விட்டு எல்லாவற்றையும் இணைப்பார்கள். மரத்தின் இழைக்குக் குறுக்கே நீளும் மெல்லிய கொம்புகள் சாவியோடு உரசி எளிதில் ஒடியும்.