குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல்

தாம்பரம் செல்லும் மின்ரயில் பல்லாவரத்தைத் தாண்டியதும் வருவது குரோம்பேட்டை. இந்தப் பெயரில் இருப்பது குரோமியம் என்ற உலோகம்.

ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பதே அன்றைய சென்னைப் பதனிடுவோரின் வழியாக இருந்தது. குரோமிய உப்பு அந்த வேலையைச் சில நாட்களில் முடித்தது. ஆனால் புது இரசாயனத்துக்கும் இயந்திரத்துக்கும் சிறு தொழிலாளியிடம் முதல் ஏது? முன்வந்தவர் சென்னை அரசுக் கலைத்தொழில் பள்ளியின் ஆல்பிரெட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கே தொடங்கி வைத்தவரும் அவரே. 1903 வாக்கில் குரோம் தோல் சோதனைகளில் இறங்கினார். செருப்புக்கு மட்டுமல்ல, கமலையில் நீர் இறைக்கும் பைகளுக்கும் அந்தத் தோலைக் கொடுத்துப் பார்த்தார். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தும் அது எளிதில் அழுகவில்லை. உழவனின் கிணற்றிலிருந்து தொடங்கிய இந்த யோசனைதான் சாட்டர்டனின் பெருமை.

அரசு வியாபாரம் செய்யலாமா என்று ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி பிரபுவும் அரசு முயற்சிக்குக் கடிவாளம் போட்டார். முளைவிட்ட தொழிலுக்கு அது அநியாயம். சாட்டர்டனின் சோதனைகளிலிருந்து வளர்ந்த அரசுத் தோல் ஆலை கைமாறியது.

வித்தை மட்டும் நிலைத்தது. 1912இல் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் குரோம்பேட்டை ஆனது.