உலாவிச் சோதனையும் தமிழ் எழுத்தும்

ஓர் இணையப் பக்கம் வெவ்வேறு உலாவிகளில் ஒன்றுபோலத் தெரிகிறதா, இயங்குகிறதா என்று சரிபார்ப்பது உலாவிச் சோதனை எனப்படும். மனிதருக்குப் பதில் நிரல் செய்தால் அது தானியங்கிச் சோதனை. ஆங்கிலப் பக்கத்தில் உலாவி வேறுபாடு பெரும்பாலும் ஒரு பொத்தான் இடம் மாறி நிற்கும் தொல்லைதான். தமிழுக்கு அது எழுத்தே தெரியுமா என்ற கேள்வியாக இருந்தது.

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 இரண்டிலும் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் வசதி இருந்தது. ஆனால் முன்னது பி.எஃப்.ஆர். கோப்பைக் கேட்டது, பின்னது இ.ஓ.டி. கோப்பைக் கேட்டது. தமிழ்த் தளம் நடத்தியவர்கள் இரண்டையும் செய்துவைக்க வேண்டும். இல்லையேல் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுமாறு முகப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். குறியாக்கமும் ஒன்றாக இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் வந்தன. திஸ்கி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அந்நாளில் சோதனை என்றால் இரண்டு மூன்று கணினிகளில் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான்.

யூனிகோடு குறியாக்கச் சண்டையைத் தீர்த்தது. எழுத்தை வரையும் சிக்கல் அப்படியே நின்றது. 'கெ' என்பதில் ககரம்தான் முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பு பின்னால் வருகிறது. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். இடம் மாற்றுவது எழுத்து வரையும் மென்பொருளின் வேலை. ஃபயர்ஃபாக்ஸ் 2இல் பத்தியை இருபுறமும் சமன்படுத்தினால் கொம்பும் காலும் மெய்யை விட்டுப் பிரிந்து சிதறின. அதே பக்கம் எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரியும். 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகே இது சரியானது. கைபேசிக்கும் இதே கதை: ஆண்டிராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. ஓப்பரா மினியில் மறைவாக இருந்த ஓர் அமைப்பை மாற்றினால் எழுத்துகள் படமாக வந்து சேரும். பலர் அப்படித்தான் படித்தார்கள்.

இந்த ஆண்டுகளில்தான் தானியங்கிச் சோதனையும் வளர்ந்தது. 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியம் கருவியை உருவாக்கினார். மெர்க்குரி என்ற நிறுவனம் அத்துறையில் கோலோச்சிய காலம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் முறிமருந்து என்ற கேலியிலிருந்து பெயர் பிறந்தது. சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவரோடு இணைந்து 2011இல் செலினியம் 2 வெளிவந்தது. அதே ஆண்டு மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், பல உலாவிகளையும் கருவிகளையும் தொலைவிலிருந்து வாடகைக்குப் பயன்படுத்தும் வழியைத் தந்தது. 2018இல் வெப்டிரைவர் டபிள்யூ3சி தரமாயிற்று.

ஆனால் இக்கருவி பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்துக் குறிகளைப் படிக்கிறது, திரையில் விழும் வடிவத்தை அன்று. கொம்பு பிரிந்து சிதறிய பக்கத்தையும் அது 'சரி' என்றே சொல்லியிருக்கும். மாறாக, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைத் தவறென்றும் சொல்லும்: 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிட்டால் சோதனை தோற்றுவிடும்.

2009இல் தேசியத் தகவலியல் மையம் வெளியிட்ட இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்கள், தளங்களைப் பல உலாவிகளில் சோதிக்கவும் வட்டார மொழி எழுத்துருக்களைத் தனியே பார்க்கவும் கேட்டன. நியாயமான கோரிக்கை. கொடுங்கையூரில் ஒருவர் தம் கைபேசியில் மாநகராட்சியின் சொத்துவரி ரசீதைத் திறக்கும்போது தெருப்பெயர் கட்டங்களாகத் தெரிந்தால், உள்ளே குறிகள் சரியாக இருந்து அவருக்கு என்ன பயன்?

திரைப்படம் எடுத்து ஒப்பிடுவது இதற்கு ஒரு வழி. ஆனால் வின்டோஸில் நிர்மலா, ஆண்டிராய்டில் நோட்டோ என எழுத்துருக்கள் மாறுவதால் இரு படங்கள் ஒத்துவருவதில்லை. சோதனை ஓடும் லினக்ஸ் வழங்கியில் தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டால் படம் முழுக்கக் கட்டங்கள்தான். உலாவி உருவாக்குவோர் வேறொரு முறையைக் கையாள்கிறார்கள்: ஒரே உலாவியில் இரண்டு பக்கங்களை வரைந்து புள்ளி புள்ளியாக ஒப்பிடுவது. அதில் எழுத்துரு வேறுபாடு குறுக்கே வராது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்று ஹார்ஃப்பஸ் என்ற ஒரே வரைபொறியைப் பயன்படுத்துவதால் அவற்றுக்கிடையே தமிழ் மாறுபடுவது அரிதாகிவிட்டது. சஃபாரிக்கு ஆப்பிளின் சொந்த வரைபொறி. ஐபோனில் மட்டும் தனியே பார்த்தாக வேண்டும்.