கை கட்டப்பட்டதா? – பாலஸ்தீன உறுப்புரிமையும் அமெரிக்க நிதி நிறுத்தமும்

2011 அக்டோபர் 31 அன்று யுனெஸ்கோ பொது மாநாடு பாலஸ்தீனத்தை உறுப்பு நாடாக ஏற்றது. ஆதரவு 107, எதிர்ப்பு 14, நடுநிலை 52. யுனெஸ்கோ பட்ஜெட்டில் 22 சதவீதம் தந்துவந்த அமெரிக்கா அன்றே நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. 1990, 1994 ஆண்டுகளின் சட்டங்கள் அரசின் கையைக் கட்டிவிட்டன, வேறு வழியே இல்லை என்பதுதான் இதற்குப் பெரும்பாலும் தரப்படும் விளக்கம். வாஷிங்டன் அன்று சொன்னதும் அதையே. ஒரு தரப்பின் வாதம் வரலாறாகவே படிந்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை.

இரண்டு சட்டங்களையும் ஒரே தடை என்று சேர்த்துச் சொல்வதில்தான் பிழை தொடங்குகிறது. 1990 வாசகம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைப் பெயர் சொல்லியே சுட்டுகிறது. உறுப்பு நாடுகளுக்கு நிகரான தகுதியை அதற்கு அளிக்கும் ஐ.நா. அமைப்புக்குப் பணம் இல்லை என்கிறது. 1994 வாசகத்தில் எந்தப் பெயரும் இல்லை. உலகம் ஏற்ற அரசுக்குரிய இயல்புகள் இல்லாத அமைப்பையோ குழுவையோ ஓர் அரசாக முழு உறுப்பினராக்கினால், அந்த உறுப்புரிமை நீடிக்கும் வரை நிதி இல்லை என்கிறது. அந்த இயல்புகள் இருக்கின்றனவா என்று தீர்மானிப்பது யார்? பிரிவு அதைச் சொல்லவில்லை. 2011இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் பாலஸ்தீனத்தை அரசாக ஏற்றிருந்தன. ஆகவே 1994 சட்டம் தானாக இயங்கவில்லை. ஒரு தீர்ப்பு அதை இயக்கியது.

1990 வாசகம் என் வாதத்துக்குக் கடினமானது. ஆனால் ஐ.நா. அவை 1988 டிசம்பரிலேயே தன் வழக்கில் 'பாலஸ்தீனம்' என்ற பெயருக்கு மாறிவிட்டது; யுனெஸ்கோவில் சேர்ந்ததும் அப்பெயரில்தான். இயக்கமும் அரசும் ஒன்றே என்று கொண்டால்தான் அச்சட்டம் பொருந்தும். இது முடிவான சான்று அல்ல. எனினும் 2016ஐப் பாருங்கள். ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் பாலஸ்தீனம் இணைந்தபோது, அது ஒப்பந்தமே தவிர அமைப்பு அல்ல என்று சொல்லி வாஷிங்டன் நிதியைத் தொடர்ந்தது. விரும்பிய இடத்தில் வாசிப்பு நெகிழ்ந்திருக்கிறது.

இந்தச் சட்டங்களின் கரு 1989 மே மாதத்தில் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தில் பாலஸ்தீனம் உறுப்புரிமை கேட்டது. இயக்கத்தின் தகுதியை மாற்றும் எந்த அமைப்புக்கும் பங்களிப்பு தரக்கூடாது என்று அதிபருக்குப் பரிந்துரைக்கப்போவதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் அறிவித்தார். அந்த மாதமே அந்நிறுவனத்தின் பேரவை முடிவைத் தள்ளிவைத்தது. அங்கே மிரட்டல் வென்றது. 2011இல் யுனெஸ்கோவில் அதே மிரட்டல் ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தடுக்கவில்லை. நிலுவை சேர்ந்ததால் 2013இல் அமெரிக்காவே பொது மாநாட்டில் வாக்குரிமை இழந்தது. 1989இல் பேக்கரிடம் பேரம் பேச இடம் இருந்தது; சட்டமாக உறைந்த பிறகு அந்த இடம் சுருங்கியது என்றே நான் கருதுகிறேன்.

தொடக்கத்தை 1989இல் நிறுத்தலாமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. 1975இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு விடுதலை இயக்கத்தைப் பார்வையாளராக ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் விலகல் அறிவிப்புத் தந்த அமெரிக்கா 1977இல் வெளியேறியது. அங்கே சோவியத் பகையும் கலந்திருந்ததால் இதை நேரான முன்னோடி என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

2022 டிசம்பரில் காங்கிரஸ் யுனெஸ்கோவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சீனச் செல்வாக்கை எதிர்கொள்வது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இடையில் யுனெஸ்கோவிலிருந்தே விலகியிருந்த அமெரிக்கா 2023 ஜூலையில் திரும்பியபோதும் பாலஸ்தீனம் அங்கே முழு உறுப்பினராகவே இருந்தது.