கிராண்டில் யார் பெயர்? நிலம் வாங்கும் முன் மலாக்கா மக்கள் பார்க்க வேண்டியவை

தோட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் ஒருவர் கையில் மொத்தமாகப் பணம் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். அது இபிஎஃப் பணம். லயத்தைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியும் அதே நேரத்தில்தான் வருகிறது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மலிவாக ஒரு லோட் இருப்பதாகத் தெரிந்தவர் யாராவது சொல்ல, முன்பணம் கைமாறிவிடுகிறது. கிராண்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை தலைகீழானது. மலாக்காவில் அதன் விலை மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை

தீபகற்ப மலேசியாவில் நில உரிமையை முடிவு செய்வது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். அது 1966 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் மலாக்காவிலும் பினாங்கிலும் ஆங்கிலேயரின் பத்திர முறை இருந்தது. பழைய பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி உரிமையை நிரூபிக்க வேண்டும். இப்போதைய முறையில் நிலப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், முழுப் பணத்தையும் கட்டினாலும், பெயர் மாற்றத்திற்கான 14ஏ பாரம் பதிவாகும் வரை வாங்கியவர் உரிமையாளர் ஆவதில்லை.

தோட்ட மக்களுக்கு இது கசப்பாகவே இருக்கும். தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தாலும் அந்த மண்ணில் உரிமை பிறப்பதில்லை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்பதை அது தடுக்காது என்று 341ஆவது பிரிவு சொல்கிறது. அரசு நிலத்திலும் அப்படித்தான். டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருப்போர் அதைச் சொத்துப் போல விற்கவோ பிள்ளைக்கு எழுதி வைக்கவோ முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும்.

எம்.சி.எல். நிலம்

மலாக்காவில் மட்டும் உள்ள ஒரு சிக்கல் இது. மலிவாக வரும் நிலங்களில் பல, தானா அடாட் மலாக்கா எனப்படும் மரபு வழி நிலங்கள். கிராண்டில் எம்.சி.எல். என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது இந்த வகை. 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்ட இந்நிலங்கள் இன்று பினாங்கு, மலாக்கா நிலவுரிமைகளுக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மலாக்காவில் நிலையாக வாழும் மலாய்க்காரருக்கோ, மாநில அரசிடம் தகுதிச் சான்றிதழ் பெற்றவருக்கோ மட்டுமே இவற்றை மாற்றிக் கொடுக்கலாம். அடமானம் வைப்பதற்கும் இதே தடை உண்டு.

விற்பவரிடம் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். நம்பிக்கையான மலாய் நண்பர் பெயரில் வாங்கிக்கொண்டு தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வோரும் உண்டு. சட்டம் தடுத்த ஒன்றைச் சுற்றிவளைத்துச் செய்யும் அந்தக் காகிதத்தை நம்பி இபிஎஃப் பணத்தைப் போடுவது, பணத்தைத் தானமாகக் கொடுப்பதற்குச் சமம். நண்பர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வருவார்கள்.

இத்தகைய நிலத்தில் எழும் சில வீடமைப்புத் திட்டங்கள் நீண்டகாலக் குத்தகை முறையில் மற்றவர்களுக்கும் விற்கப்படுகின்றன. அங்கே கிடைப்பது குத்தகை உரிமை, நிலவுரிமை அல்ல. எந்த வங்கி கடன் தரும், எத்தனை ஆண்டு மிச்சம், பிறகு யாருக்கு விற்கலாம் ஆகிய மூன்றையும் கேட்டபின் கையெழுத்திடலாம்.

கால் ஏக்கர் லோட்டுகள்

அடுத்த பொறி, விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்பது. கிராண்டில் பெர்தானியான் என்று இருந்தால் அந்த நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, குறைவான துண்டுகளாகப் பிரிக்க முடியாது. கால் ஏக்கருக்குத் தனி கிராண்ட் பிறகு வரும் என்று சொல்லி விற்றால், பயன்பாட்டு வகையை மாற்ற அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். விண்ணப்பம் போட்டிருப்பது அனுமதி ஆகாது.

துண்டாடல் என்ற சொல்லைத் தோட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கைவிட்டபோது தரகர்கள் வாங்கிச் சிறு துண்டுகளாக விற்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க இன்று தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. தோட்டத்திலிருந்து பிரித்த லோட் என்று யாராவது விற்றால் அந்த ஒப்புதலைக் காட்டச் சொல்லலாம்.

தேடல் சான்றிதழும் கேவியட்டும்

விற்பவர் காட்டும் கிராண்ட் நகலை மட்டும் நம்ப வேண்டாம். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் நிலப் பதிவேட்டில் தேடல் செய்யலாம். உரிமையாளர், நில வகை, நிபந்தனைகள், வங்கி அடமானம், கேவியட் எல்லாம் அதில் தெரியும். கிராண்ட் முக்கிம், பஜாக்கான் முக்கிம் வகைகளுக்கு அந்தந்த மாவட்ட நில அலுவலகம். அது ஜாசின், அலோர் காஜா, மத்திய மலாக்கா ஆகிய மூன்றில் ஒன்று. கிராண்ட், பஜாக்கான் நெகிரி வகைகளுக்கு மாநில நில இயக்குநர் அலுவலகமான பி.டி.ஜி. குத்தகை நிலமாக இருந்தால் சேகாத்தான் கெபெந்திங்கான் பகுதியையும் படிக்க வேண்டும். மாநில அரசின் சம்மதம் தேவை என்று அங்கே இருந்தால், சம்மதம் வரும்வரை பெயர் மாறாது.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் ஆனதும் 19பி பாரத்தில் தனியார் கேவியட் போடுவது வழக்கறிஞர்களின் வழக்கம். அதே நிலத்தை இன்னொருவருக்கும் விற்று முந்திப் பதிவு செய்வதை அது தடுக்கும். ஆறு ஆண்டு செல்லும். காரணமின்றி கேவியட் போட்டால் இழப்பீடு கட்ட நேரிடும்.

போலிக் கையெழுத்து ஆபத்தும் இல்லாமல் இல்லை. பினாங்கு நில வழக்கொன்றில், போலியாக விற்கப்பட்ட நிலம் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கே சொந்தம் என்று 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. உண்மை உரிமையாளர் இழந்தார். பலத்த கண்டனத்திற்குப் பின், 2010 ஜனவரியில் குவாந்தான் நில வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைத் திருத்தியது. போலி ஆவணம் மூலம் நேரடியாக உரிமை பெற்றவருக்கு இப்போது பாதுகாப்பில்லை. அவரிடமிருந்து நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்கு உண்டு. ஆகவே காலி நிலம் வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒரு முறையாவது தேடல் செய்து பார்ப்பது நல்லது.

கடன் கொடுப்போர், வாங்குவோர்

வங்கிக் கடனுக்கு 16ஏ பாரத்தில் அடமானம் பதிவாகும். தவணை தவறி, பொதுவாக ஒரு மாதம் ஆன பிறகே 16டி அறிவிப்பு அனுப்பலாம். அதில் தவணையைச் சரிக்கட்ட, பொதுவாக இன்னும் ஒரு மாதம் தர வேண்டும். பிறகே ஏல உத்தரவுக்கு உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ போக முடியும். 16டி வந்ததும் பயந்து ஒளிவதைவிட வங்கியில் பேசுவது பலன் தரும். ஏலம் முடியும் வரை நிலுவையைச் செலுத்தி வீட்டை மீட்கச் சட்டம் இடம் தருகிறது.

உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாததற்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. உரிமம் இல்லாதவரின் கடன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. அதனால்தான் சிலர் கடன் பத்திரத்திற்குப் பதிலாக வீட்டு விற்பனை ஒப்பந்தத்திலோ வெற்று 14ஏ பாரத்திலோ கையெழுத்து வாங்குகிறார்கள். பத்தாயிரம் ரிங்கிட் கடனுக்கு வீடே போகும் வழி இது. இப்படி ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் உடனே போலீஸ் புகார் செய்து, கேவியட் பற்றி வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

இறந்தவர் பெயரில் கிடக்கும் நிலம்

நம் குடும்பங்களில் இது மிக அதிகம். அப்பா இறந்து இருபது ஆண்டாகியும் கிராண்டில் அவர் பெயரே இருக்கும். உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. கல்யாணமாகிப் போன மகளுக்கும் சம பங்கு உண்டு. மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. சிறு சொத்துகளுக்கு நில அலுவலகத்திலேயே விசாரணை நடத்திப் பங்கீட்டு ஆணை தருவார்கள். இப்படிப்பட்ட நிலத்தை வாங்குவோர், அந்த ஆணை பதிவாகும் வரை முன்பணத்தை வழக்கறிஞரின் கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். விற்பவர் கையில் அல்ல.